அச்சு ஒன்று, வேலை நூறு

ஒரு தடவை முடித்த வேலையை அச்சாக்கி வைத்துக்கொண்டால் அடுத்த நூறு வேலைகளையும் அதிலேயே வார்த்துவிடலாம் என்கிறது வேலை நிர்வாக சாஃப்ட்வேர். உண்மைதான். ஆனால் அச்சில் பழைய மாவு ஒட்டியிருந்தால்?

எட்டாயிரம் துண்டுப் பிரசுரங்கள். பளபளப்பான தாளில், நான்கு வண்ணத்தில் அச்சடிக்கப்பட்டவை. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உப்பு - சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டை எப்படிக் கரைத்துக் கொடுப்பது என்று தாய்மார்களுக்கு எளிய தமிழில் சொல்பவை. தில்லியில் மொழிபெயர்க்கப்பட்டு, அங்கேயே அச்சாகி, ரயிலேறித் தமிழகத்தின் ஒரு மாவட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தன. முதல் கட்டைப் பிரித்த அங்கன்வாடி ஊழியர் ஒருவர் அதைப் படித்தார். பிறகு கையிலிருந்த பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். பாக்கெட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் என்றிருந்தது. பிரசுரத்தில் ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி என்றிருந்தது. எது சரி என்று தன் மேற்பார்வையாளரைக் கேட்டார்.

பாக்கெட்தான் சரி. இந்தியாவில் இரண்டு அளவு பாக்கெட்டுகளும் விற்கின்றன. சுமார் 21 கிராம் எடையுள்ள பெரியதை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். நாலு கிராம் சொச்சம் எடையுள்ள சிறியதை 200 மில்லியில். பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் கரைசல் ஐந்து மடங்கு கெட்டியாகிவிடும். ஏற்கனவே நீர் வற்றிய கைக்குழந்தையின் ரத்தத்தில் உப்பு ஏறினால் மூளை பாதிக்கப்படலாம். உயிரைக் காப்பாற்றும் மருந்தே உயிருக்கு உலை வைக்கும்.

நல்லவேளையாக ஒரு பிரசுரம்கூட ஒரு தாயின் கைக்கும் போகவில்லை. எட்டாயிரமும் பழைய பேப்பர் கடைக்குப் போயின. இது நடந்தது சில ஆண்டுகளுக்கு முன்பு. பழியைக் கம்ப்யூட்டர் மீதோ அச்சகத்தின் மீதோ போட முடியவில்லை. மொழிபெயர்ப்பாளரும் சோம்பேறி அல்ல. தவறு செய்தது ஒரு டெம்ப்ளேட். அதை உருவாக்கியது இதை எழுதுபவர்.

ஒரே சொடுக்கில்

பத்துப் பேர் வேலை செய்யும் அலுவலகம் எதிலும் இன்று ஏதாவதொரு வேலை நிர்வாக சாஃப்ட்வேர் ஓடிக்கொண்டிருக்கிறது. குளிர்சாதனக் கருவி பொருத்துபவர், ஆடிட்டர், விளம்பரப் பட நிறுவனம், வீடு கட்டித் தரும் கான்ட்ராக்டர், மொழிபெயர்ப்பு நிலையம் - யாராக இருந்தாலும் தேவை ஒன்றுதான். வந்திருக்கும் வேலை என்ன, அதை எத்தனை துண்டாகப் பிரிப்பது, எந்தத் துண்டு யாருடையது, எப்போது முடிய வேண்டும், எத்தனை மணி நேரம் ஆனது, பில் போட்டாயிற்றா? முன்பு இவையெல்லாம் முதலாளியின் தலையிலும் ஒரு நீளமான பதிவேட்டிலும் இருந்தன. இப்போது திரையில் இருக்கின்றன.

திரைக்கு வந்தவுடன் எல்லோரும் ஒரு விஷயத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். பத்தில் எட்டு வேலைகள் ஏற்கனவே செய்தவைதான். வாடிக்கையாளர் பெயரும் தேதியும் மாறுகின்றன, வேலை மாறுவதில்லை. ஒவ்வொரு தடவையும் முப்பது வரிகளைப் புதிதாகத் தட்டெழுதுவானேன்? சாஃப்ட்வேரில் இதற்கென்றே ஒரு வசதி உண்டு. முடிந்த வேலை ஒன்றைத் திறந்து, 'டெம்ப்ளேட்டாகச் சேமி' என்ற இடத்தில் சொடுக்கினால் போதும். அடுத்த முறை பெயரையும் தொடக்கத் தேதியையும் கொடுத்தால் முப்பது வரிகளும் தாமாக வந்து நிற்கும். அரை நாள் வேலை அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஆசையாக இருக்கிறதல்லவா? ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது.

முகூர்த்தமே பூஜ்யம்

டெம்ப்ளேட் என்பது புதிய சங்கதி அல்ல. கல்யாண கான்ட்ராக்டர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். நானூறு பேர் சாப்பிடும் கல்யாணத்துக்கு எத்தனை படி அரிசி, எத்தனை தேங்காய், எத்தனை வாழை இலை என்ற பட்டியல் பிரபலமான சமையல்காரர்கள் எல்லோரிடமும் உண்டு. ஆயிரம் பேர் என்றால் அதைப் பெருக்கிக்கொள்வார்கள். வீட்டுப் பெரியவர்களிடமும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். மூத்த பெண்ணின் கல்யாணத்துக்கு எழுதியது, இளையவளின் கல்யாணத்தின்போது பரணிலிருந்து இறங்கும்.

அந்த நோட்டில் உள்ள முக்கியமான ரகசியம், அதில் தேதிகள் கிடையாது என்பதுதான். 'முகூர்த்தத்துக்கு ஆறு மாதம் முன்பு மண்டபம், இரண்டு மாதம் முன்பு பத்திரிகை அச்சடிக்க, ஒரு வாரம் முன்பு மளிகை, முதல் நாள் மாலை காய்கறி நறுக்க' என்றுதான் இருக்கும். முகூர்த்த நாள் பூஜ்யம். மற்றதெல்லாம் அதிலிருந்து பின்னோக்கி எண்ணப்படும். நல்ல சாஃப்ட்வேர் டெம்ப்ளேட் செய்வதும் இதைத்தான். அதில் 'மார்ச் 12' என்று இருக்கக் கூடாது. 'ஒப்படைப்பதற்கு ஒன்பது நாள் முன்பு' என்று இருக்க வேண்டும். பூஜ்ய நாளைக் கொடுத்ததும் மற்றத் தேதிகளைக் கம்ப்யூட்டர் போட்டுக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமையையும் விடுமுறைகளையும் தாண்டிக்கொள்ளும்.

கொங்கண் ரயில் பாதையைக் கட்டிய காலத்தில் இ. ஸ்ரீதரன் வேலைத்தளங்களில் பின்னோக்கி எண்ணும் கடிகாரங்களை வைத்தது இதே தத்துவத்தில்தான். எத்தனை நாள் ஆயிற்று என்பதல்ல, எத்தனை நாள் மிச்சம் என்பதே கேள்வி. 1990ல் தொடங்கிய அந்த நிறுவனம் மலைகளையும் ஆறுகளையும் தாண்டி 1998ல் ரயில் விட்டது. கடிகாரம் பிறகு தில்லி மெட்ரோவுக்கும் வந்தது.

நோட்டில் இன்னொரு ரகசியமும் உண்டு: எதற்குப் பின் எது என்ற வரிசை. மண்டபம் கிடைக்காமல் பத்திரிகை அச்சடிக்க முடியாது. பத்திரிகை வராமல் அழைக்கப் போக முடியாது. ஆனால் புடவை எடுக்க மண்டபத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எது எதற்காகக் காத்திருக்கிறது, எது எதோடு சேர்ந்து நடக்கலாம் என்ற இந்தக் கணக்கை 1957ல் அமெரிக்காவின் டூபாண்ட் ரசாயன நிறுவனத்தில் மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்ட் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து கணித முறையாக்கினார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக இதற்குச் சொந்தக்காரன் போன்ற இன்னொரு முறையை உருவாக்கியது. வேலைகளைக் காலக்கோட்டின் மீது பட்டைகளாக வரையும் படத்துக்கு, அதைப் பரப்பிய ஹென்றி கான்ட்டின் பெயர் முதல் உலகப் போர் காலத்திலிருந்து நிலைத்திருக்கிறது.

இவை பெரிய கம்ப்யூட்டர்களிலிருந்து மேஜைக்கு இறங்க ஒரு தலைமுறை ஆயிற்று. மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் 1984ல் வந்தது. இன்டர்நெட் மூலம் வேலைகளைப் பிரித்துக்கொள்ளும் பேஸ்கேம்ப் 2004ல் வந்தது. சென்னையில் வளர்ந்த ஸோஹோ நிறுவனத்தின் புராஜெக்ட்ஸ் 2006ல் வந்தது. 2011ல் வந்த ட்ரெல்லோவை, சுவரில் சீட்டு ஒட்டி வேலை செய்து பழகியவர்கள் உடனே புரிந்துகொண்டார்கள். பெயர்களும் வண்ணங்களும் வேறு. ஆனால் டெம்ப்ளேட் என்ற வசதி எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது.

என்ன வைப்பது, எதைத் துடைப்பது

சொடுக்குவது சுலபம். அதற்கு முன் செய்ய வேண்டியதுதான் உண்மையான வேலை. முடிந்த வேலை என்பது ஒரு குறிப்பிட்ட வாடிக்கையாளருக்காக, குறிப்பிட்ட நெருக்கடியில், குறிப்பிட்ட ஆட்களால் செய்யப்பட்டது. அதில் பாதி எல்லா வேலைக்கும் பொது. மீதிப் பாதி அந்த வேலையோடு போக வேண்டியது. இரண்டையும் பிரிக்காமல் சேமித்தால் கிடைப்பது டெம்ப்ளேட் அல்ல, வெறும் நகல்.

முதலில் துடைக்க வேண்டியவை ஆட்களின் பெயர்கள். அந்த இடத்தில் பதவியை, பொறுப்பை எழுத வேண்டும்: மொழிபெயர்ப்பவர், திருத்துபவர், பக்கம் வடிவமைப்பவர், ஒப்புதல் தருபவர். பெயரை அப்படியே விட்டால், ராஜினாமா செய்து ஒரு வருஷமான ஆசாமிக்குப் புதிய வேலைகள் போய்க்கொண்டிருக்கும். அவர் செய்யமாட்டார். யாரோ செய்வார்கள் என்று எல்லோரும் இருப்பார்கள்.

அடுத்து தேதிகள். அவை நாள் கணக்காக மாற வேண்டும். அதற்கடுத்து கோப்புகள். பழைய வாடிக்கையாளரின் விலைப்பட்டியல் புதிய வாடிக்கையாளரின் வேலைக்குள் ஒட்டிக்கொண்டு போன கதைகள் இந்தத் தொழிலில் ஏராளம். வெற்றுப் படிவங்கள் மட்டும் உள்ளே இருக்கலாம். நிரப்பிய படிவங்கள் கூடாது.

நேர மதிப்பீடு தந்திரமான விஷயம். கடைசியாகச் செய்த ஒரு வேலை 14 மணி நேரம் எடுத்தது என்பதற்காக அதையே டெம்ப்ளேட்டில் எழுதினால், அது ஒரு அதிர்ஷ்டசாலியின் நல்ல வாரமாக இருக்கலாம். நாலைந்து வேலைகளின் உண்மையான நேரத்தைப் பார்த்துவிட்டு எழுதுவதே நியாயம். ஏனெனில் அந்த எண்ணை நம்பித்தான் விலை சொல்லப்படுகிறது. அதைக் காட்டித்தான் ஊழியர் ஏன் தாமதம் என்று கேட்கப்படுகிறார். ஒரு தடவை எழுதிய எண் நாளடைவில் சட்டமாகிவிடுகிறது. அதை எழுதியது யார் என்பதுகூட மறந்துவிடுகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய வேலையில் இல்லாததைத் தேட வேண்டும். முடிந்த வேலையில் ஒரு படி இல்லை என்றால் அது தேவையில்லை என்று அர்த்தமல்ல. அந்தத் தடவை வேறு யாரோ அதைச் செய்திருக்கலாம். துண்டுப் பிரசுரத்தைக் கவிழ்த்தது இதுதான்.

எங்கே தவறியது

முதல் வேலை சிறிய பாக்கெட்டுக்கானது. அந்த வாடிக்கையாளரிடம் சொந்தமாக ஒரு டாக்டர் இருந்தார். ஆறு மொழிப் பிரசுரங்களிலும் உள்ள எண்களையெல்லாம் அவரே சரிபார்த்தார். ஆகவே மொழிபெயர்ப்பு நிலையத்தின் வேலைப் பட்டியலில் 'அளவுகளைச் சரிபார்' என்றொரு வரி இல்லை. வேலை கனகச்சிதமாக முடிந்தது. பாராட்டுக் கடிதம் வந்தது. அந்த மகிழ்ச்சியில் அதை அப்படியே டெம்ப்ளேட்டாகச் சேமித்தாயிற்று. தமிழ் மொழிபெயர்ப்பும், பிற்காலத்துக்கு உதவுமே என்று உள்ளேயே வைக்கப்பட்டது.

எட்டு மாதம் கழித்து வேறு வாடிக்கையாளர், பெரிய பாக்கெட், அவசரம். டெம்ப்ளேட் திறக்கப்பட்டது. இருபத்தெட்டு வரிகள் வந்து நின்றன. ஆங்கில மூலத்தில் ஒரே ஒரு எண்ணைத் தவிர அந்தப் பத்தி முன்பு போலவே இருந்தது. மொழிபெயர்ப்பு சாஃப்ட்வேர், இதைத்தான் நீங்கள் ஏற்கனவே செய்துவிட்டீர்களே என்கிற தோரணையில் பழைய தமிழ் வரியைக் கொண்டுவந்து வைத்தது. மொழிபெயர்ப்பாளர் வாக்கியத்தைப் பார்த்தார், எண்ணைப் பார்க்கவில்லை. திருத்துபவர் ஒற்றுப் பிழைகளைத் திருத்தினார். இந்த வாடிக்கையாளரிடம் டாக்டர் இல்லை. இருபத்தெட்டு வரிகளுக்கும் பச்சை நிறத்தில் முடிந்ததற்கான அடையாளம் விழுந்தது. திரையைப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

டெம்ப்ளேட்டின் கவர்ச்சியே இதுதான்: எல்லாம் பச்சையாக இருக்கும்போது ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று யாருக்கும் தோன்றுவதில்லை. வெற்றுத்தாளில் தொடங்குபவன் பயப்படுகிறான், அதனால் யோசிக்கிறான். நிரம்பிய பட்டியலில் தொடங்குபவன் யோசிக்கும் பொறுப்பைப் பட்டியலிடம் கொடுத்துவிடுகிறான்.

37 விநாடி

சிறிய மொழிபெயர்ப்பு நிலையம்தான் இப்படி ஏமாறும் என்று நினைக்க வேண்டாம். 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ஏரியன் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. எஞ்சின் பற்றவைக்கும் வரிசை தொடங்கிய 37வது விநாடியில் அதன் வழிகாட்டும் கருவி செயலிழந்தது. ராக்கெட் திசை மாறி, உடைந்து, வெடித்தது. நான்கு க்ளஸ்டர் விஞ்ஞானச் செயற்கைக்கோள்கள் அதோடு போயின.

விசாரணைக் குழு கண்டுபிடித்த காரணம், இதுவரை படித்தவர்களுக்குப் பரிச்சயமானதாகவே தோன்றும். வழிகாட்டும் கருவியின் சாஃப்ட்வேர், நம்பகமாக ஓடிய பழைய ஏரியன் 4லிருந்து எடுக்கப்பட்டது. அதிலிருந்த ஒரு கணக்கு, ஏரியன் 5 தரையை விட்டுக் கிளம்பிய பிறகு தேவையே இல்லாதது. பழைய ராக்கெட்டுக்கு வேண்டியிருந்ததால் புதியதிலும் ஓடிக்கொண்டிருந்தது. ஏரியன் 5 தன் முன்னோடியைவிடப் பக்கவாட்டில் வேகமாகச் செல்வது. அந்த வேகத்தைக் குறிக்கும் எண், அதற்கென்று ஒதுக்கிய சிறிய இடத்தில் அடங்கவில்லை. கருவி நின்றது. மாற்றாக வைத்திருந்த இன்னொரு கருவி? அதிலும் அதே சாஃப்ட்வேர்தான். அதுவும் அதே காரணத்தால் நின்றது. ஏரியன் 5ன் பாதைக்கான எண்களைக் கொடுத்து அந்தக் கருவியை முன்கூட்டியே சோதித்திருந்தால் தெரிந்திருக்கும். முன்பு சரியாக ஓடியதை மறுபடி ஏன் சோதிப்பது என்பதுதான் அங்கேயும் மனோபாவம்.

பழையதைப் பயன்படுத்தியது குற்றமல்ல. பழையது எந்த நிலைமையில் சரியாக இருந்தது என்று கேட்காததுதான் குற்றம்.

பத்து லட்சம் நகல்கள்

அதே சமயம் டெம்ப்ளேட் இல்லாமல் இந்தியா ஒரு நாள்கூட நடக்காது என்பதற்கும் சான்று இருக்கிறது. 2024 மக்களவைத் தேர்தலில் சுமார் 97 கோடி வாக்காளர்கள், பத்தரை லட்சம் வாக்குச் சாவடிகள். தேர்தல் ஊழியர்களும் பாதுகாப்புப் படையினருமாக ஒன்றரைக் கோடிப் பேர். சாவடியை நடத்துபவர் பெரும்பாலும் பள்ளி ஆசிரியராகவோ அலுவலக ஊழியராகவோ இருப்பார். ஐந்து வருஷத்தில் இரண்டு மூன்று தடவைதான் இந்த வேலை அவருக்கு வரும். அருணாசலப் பிரதேச மலைக்கிராமத்திலும் மும்பை அடுக்குமாடி அருகிலும் அவர் ஒரே விதமாக நடந்துகொள்ளக் காரணம், தேர்தல் ஆணையம் அவர் கையில் கொடுக்கும் கையேடும் படிவங்களும். பத்தரை லட்சம் சாவடிகளும் ஒரே அச்சில் வார்த்தவை.

அந்தக் கையேட்டில் வாக்குப்பதிவுக்கு முன் நடக்கும் மாதிரி வாக்குப்பதிவைக் கவனிக்க வேண்டும். கட்சி முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 வாக்குகள் போடப்படுகின்றன. முடிவு காட்டப்பட்டு, காகிதச் சீட்டுகளோடு ஒப்பிடப்படுகிறது. பிறகு முக்கியமான படி: இயந்திரத்திலிருந்து அந்த வாக்குகள் அழிக்கப்பட வேண்டும், சீட்டுகள் வெளியே எடுத்து முத்திரையிடப்பட வேண்டும். இதைச் செய்ததாக அதிகாரி சான்றிதழில் கையெழுத்திடுகிறார். அழிக்க மறந்தால் சோதனை வாக்குகள் உண்மையான வாக்குகளோடு கலந்துவிடும். இவ்வளவு சொல்லியும் மறந்தவர்கள் உண்டு. அதனால்தான் அப்படிப்பட்ட இயந்திரங்களை எண்ணிக்கையின்போது என்ன செய்வது என்பதற்கும் ஆணையம் தனியாக ஒரு விதிமுறை வைத்திருக்கிறது. தன் டெம்ப்ளேட் தவறும் என்பதையும் தன் டெம்ப்ளேட்டிலேயே எழுதி வைத்திருப்பது, அனுபவம் தந்த அறிவு.

பழைய சரக்கைத் துடைத்துவிட்டேன் என்று ஒரு மனிதர் கையெழுத்துப் போட வேண்டும். மொழிபெயர்ப்பு நிலையங்கள் இங்கே பாடம் படிக்கலாம்.

19 கேள்விகள்

எந்த மாதிரி வரி வேலை செய்யும், எது செய்யாது என்பதற்கு மருத்துவ உலகில் பளிச்சென்று ஓர் உதாரணம் இருக்கிறது. அறுவை சிகிச்சைக்கான ஒரு பக்கப் பட்டியல் ஒன்றை உலக சுகாதார நிறுவனம் 2008ல் வெளியிட்டது. 19 அம்சங்கள். மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்கும் முன், நோயாளி அறையைவிட்டுப் போகும் முன் என்று மூன்று நிறுத்தங்கள். இவர்தான் அந்த நோயாளியா? எந்தப் பக்கம் அறுவை? பஞ்சும் கருவிகளும் எண்ணிக்கை சரியா? எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் இது சோதிக்கப்பட்டது. அவற்றில் ஒன்று தில்லியின் செயின்ட் ஸ்டீஃபன்ஸ் மருத்துவமனை. 2009 ஜனவரியில் வெளியான முடிவுகளின்படி இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும் குறைந்தன. ஒரு தாள் செய்த வேலை இது.

உலகம் முழுதும் அந்தத் தாளை எடுத்துக்கொண்டது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் அதைக் கட்டாயமாக்கியது. 2014ல் அங்கே 101 மருத்துவமனைகளின் புள்ளிவிவரங்களை ஆராய்ந்தபோது அதிர்ச்சி காத்திருந்தது: இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. அதே தாள், அதே கேள்விகள். ஏன் என்பது பற்றி இன்றும் விவாதம் நடக்கிறது. பலர் சொல்லும் விளக்கம் எளியது. முதல் மருத்துவமனைகளில் தாளோடு பயிற்சி வந்தது, நிறுத்தி ஒருவரையொருவர் கேட்கும் பழக்கம் வந்தது. பின்னால் வந்த பல இடங்களில் தாள் மட்டும் வந்தது. கேள்வி கேட்பதற்கு இருந்த தாள், கட்டத்தில் அடையாளம் போடும் தாளாகிவிட்டது.

அந்தப் பட்டியலில் ஓர் அம்சம் வேடிக்கையாகத் தோன்றும்: அறையில் இருப்பவர்கள் எல்லோரும் தங்கள் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும். தினமும் பார்ப்பவர்கள்தானே, இது எதற்கு? ஒரு தடவை வாயைத் திறந்து பேசிவிட்ட இளம் நர்ஸ், சர்ஜன் தவறு செய்யும்போது இரண்டாவது தடவையும் வாயைத் திறப்பார் என்பதுதான் காரணம். நல்ல டெம்ப்ளேட் வேலையைப் பட்டியலிடுவதோடு நிற்பதில்லை. பேசத் தயங்குபவருக்குப் பேச ஓர் இடமும் ஒதுக்குகிறது.

அச்சுக்கு யார் பொறுப்பு?

ஆகவே, வேலை நிர்வாக சாஃப்ட்வேரை வாங்கியிருப்பவர்களும் வாங்கப் போகிறவர்களும் மனதில் வைக்க வேண்டியவை சில.

டெம்ப்ளேட்டில் விடை இருக்கக் கூடாது, கேள்வி இருக்க வேண்டும். 'தண்ணீர் அளவு 200 மில்லி' என்பது விடை. 'பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர் அளவை ஒப்பிட்டது யார்?' என்பது கேள்வி. விடை நாளைக்குப் பொய்யாகலாம். கேள்வி ஆகாது.

வரிகள் குறைவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு தவறு நடந்த பின்பும் ஒரு வரி சேர்த்துக்கொண்டே போனால் இருபத்தெட்டு வரி எண்பதாகும். எண்பது வரிகளைப் படிப்பவர் யாருமில்லை. கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் போடுவார்கள். ஒரு வரி சேர்க்கும்போது ஒரு வரியை எடுக்க முடியுமா என்று பார்ப்பது நல்லது. எல்லா வேலைக்கும் ஒரே அச்சு என்ற பேராசையும் வேண்டாம். முறுக்குக்கும் இடியாப்பத்துக்கும் உழக்கு ஒன்றுதான். ஆனால் தட்டை மாற்றித்தான் பிழிகிறோம். மருத்துவப் பிரசுரத்துக்கு ஒன்று, ஆண்டறிக்கைக்கு ஒன்று, விளம்பரத்துக்கு ஒன்று என்று சிறியதாக மூன்று இருப்பது, பெரியதாக ஒன்று இருப்பதைவிட மேல்.

டெம்ப்ளேட்டுக்கு ஒரு சொந்தக்காரர் வேண்டும். அவர் பெயரும், கடைசியாகத் திருத்திய தேதியும் அதன் தலையிலேயே இருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றால் அது சந்தை. யாருமே திருத்த முடியாது என்றால் கல்வெட்டு. இன்னொரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை. பெரும்பாலான சாஃப்ட்வேர்களில் டெம்ப்ளேட்டைத் திருத்தினால் அது இனி வரும் வேலைகளுக்குத்தான் பொருந்தும். ஏற்கனவே அதிலிருந்து கிளம்பி ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளில் பழைய வரிகளே இருக்கும். தவறு கண்டுபிடிக்கப்பட்ட நாளில் அவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும்.

கடைசியாக, அந்த வேலையைக் கையால் செய்பவரைக் கேட்காமல் டெம்ப்ளேட் எழுதக் கூடாது. பொருத்துபவருக்குத் தெரியும், எந்த ஆணியை முதலில் முடுக்க வேண்டும் என்று. மேலாளருக்குத் தெரியாது. இருபது வருஷ அனுபவசாலியின் தலையில் இருப்பதைத் திரைக்குக் கொண்டுவந்த பிறகு, இனி அவர் எதற்கு என்று கணக்குப் போடும் நிறுவனங்களும் உண்டு. அவர் டெம்ப்ளேட்டில் எழுதிக் கொடுத்தது, தான் செய்ததை மட்டும்தான். பிரசுரத்தையும் பாக்கெட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றும் அந்தச் சந்தேகத்தை எழுதிக் கொடுக்க முடியாது. அதற்கு ஆள் வேண்டும்.

தில்லி நிலையத்தின் டெம்ப்ளேட்டில் இப்போது பதினேழு வரிகள்தான் இருக்கின்றன. உள்ளே பழைய மொழிபெயர்ப்பு எதுவும் கிடையாது. பன்னிரண்டாவது வரி மூலத்தில் உள்ள எண்களை ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் தமிழில் பார்த்துச் சொல்ல வேண்டும் என்கிறது. பழைய அச்சகங்களில் மெய்ப்புத் திருத்துபவர்கள் செய்துவந்த முறைதான். புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. அந்த வரிக்குப் பக்கத்தில் இரண்டு பெயர்கள் விழாவிட்டால் பதிமூன்றாவது வரியான 'அச்சகத்துக்கு அனுப்பு' திறக்காது.

எட்டாயிரம் பிரசுரங்களில் ஒன்று மட்டும் பேப்பர் கடைக்குப் போகவில்லை. இதை எழுதுபவரின் மேஜைக்கு எதிரே, சுவரில் இருக்கிறது. அந்த அங்கன்வாடி ஊழியர் 'ஒரு டம்ளர்' என்ற சொற்களைச் சுற்றிப் பால்பாயின்ட் பேனாவால் போட்ட வட்டம் இன்னும் அழியவில்லை.